எதிரொலியைக் கணக்கிடும் கலை: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எங்கே வந்து நிற்கிறது?

மனித உடலின் மென்திசுக்களில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எந்தப் பொறியாளராலும் அதைக் கூட்ட முடியாது. எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ இந்தத் தொல்லை இல்லை. அங்கே கதிர்கள் ஒளியின் வேகத்தில் பாய்கின்றன. அல்ட்ராசவுண்டில் ஒலியை உள்ளே அனுப்பிவிட்டு அது திரும்பி வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழம் வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 200 மைக்ரோவினாடி பிடிக்கிறது. அப்படியென்றால் வினாடிக்கு 5,000 முறைக்கு மேல் ஒலியை அனுப்ப வழியில்லை. ஒரு படத்தைக் கோடு கோடாக 128 கோடுகளில் வரைந்தால், வினாடிக்குச் சுமார் 40 படங்களோடு கணக்கு முடிந்துவிடும்.

கண்ணுக்கு 40 படங்கள் போதும். திரையில் குழந்தை கை அசைப்பதும் இதய வால்வு திறந்து மூடுவதும் தொடர்ச்சியாகத் தெரியும். ஆனால் உடலுக்குள் நடக்கும் பல சங்கதிகள் அந்த வேகத்துக்குப் பிடிபடுவதில்லை. கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறையில் நிகழ்ந்தவற்றுள் நான் பெரிதாக நினைப்பது, இந்த 40 என்ற வரம்பு உடைக்கப்பட்டதைத்தான். விளம்பரங்களில் அதிகம் தென்படுவது கருவிலிருக்கும் குழந்தையின் முப்பரிமாண முகம். பெற்றோருக்கு அது மகிழ்ச்சி தரும், மறுக்கவில்லை. மருத்துவத்தின் போக்கை மாற்றியவை வேறு இடத்தில் நடந்தன.

கருவியின் பூர்வீகம் கப்பலும் தொழிற்சாலையும். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுகிறது என்று 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக பால் லாங்கெவின் குவார்ட்ஸ் படிகத்திலிருந்து மீயொலியை (அல்ட்ராசவுண்டை) எழுப்பினார். பிறகு அந்த நுட்பம் உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியானது. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த இதய மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் மால்மோ கப்பல் கட்டும் தளத்திலிருந்து அப்படியொரு கருவியை இரவல் வாங்கி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். (அதிர்வெண்ணின் அலகுக்குத் தன் பெயரைத் தந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் குடும்பத்தில் வந்தவர் இந்த ஹெல்முத்.) 1955-இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குக் காரில் எடுத்துச் சென்று, அங்கிருந்த விரிசல் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். கெட்டியான கட்டியும் நீர் நிறைந்த கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தந்தன. பொறியாளர் டாம் பிரவுனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கருவியின் முடிவுகள் 1958-இல் லான்செட் இதழில் வெளியாயின. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உண்மையில் இருந்தது சினைப்பையில் பெரிய நீர்க்கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அவர் பிழைத்தார்.

அன்றைய கருவிகளில் ஒரே ஒரு படிகம் இருந்தது. அதைக் கையால் நகர்த்தி நகர்த்திப் படம் வரைந்தார்கள். இன்றைய புரோப்பின் (உடலில் வைத்து நகர்த்தும் கைக்கருவியின்) முனையில் பெரும்பாலும் 128 அல்லது 192 சிறு படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் தட்டினால் ஒலி நேராகப் போகும். ஓரத்தில் இருப்பவற்றைச் சற்று முன்னும் நடுவில் இருப்பவற்றைச் சற்றுப் பின்னும் தட்டினால், ஒலி ஒரு புள்ளியில் குவியும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை சீராகத் தாமதப்படுத்தினால் கற்றை சாய்ந்து போகும். புரோப்பை அசைக்காமலேயே ஒலிக்கற்றையைத் திருப்பும் இந்த வித்தை 1970-களில் கைகூடியது. வெறும் தாமதங்கள்தாம்; அதுவும் மைக்ரோவினாடியின் சிறு பின்னங்கள்.

திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும்போதும் இதே கணக்குதான். ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட எதிரொலி ஒவ்வொரு படிகத்தையும் வெவ்வேறு நேரத்தில் வந்தடையும். அந்த நேர வேறுபாட்டைச் சரிசெய்து எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் புள்ளி துலங்கும். மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும். முன்பு இந்தக் கூட்டலைத் தனி மின்சுற்றுகள் செய்தன. ஒரு நேரத்தில் ஒரு கோட்டையோ ஒரு சில கோடுகளையோதான் அவற்றால் கணக்கிட முடிந்தது. ஆகவே ஒலியையும் ஒவ்வொரு கோடாகத்தான் அனுப்பினார்கள். 40 என்ற வரம்பில் பாதி இயற்கை போட்டது என்றால், மறுபாதி அந்த மின்சுற்றுகள் போட்டது.

இதனால் விளைந்த இடர்ப்பாட்டுக்கு வண்ண டாப்ளர் நல்ல எடுத்துக்காட்டு. நகரும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்கலாம் என்று ஒசாகாவில் ஷிகேயோ சதோமுரா 1950-களிலேயே காட்டினார். அந்த ஓட்டத்தைச் சிவப்பும் நீலமுமாகப் படத்தின் மேல் காட்டும் கருவிகள் 1980-களில் வந்தன. ஆனால் வேகத்தை அறிய ஒரே கோட்டில் ஏறத்தாழப் பத்து முறை ஒலியை அனுப்பியாக வேண்டும். காத்திருப்பு பத்து மடங்காகும். வண்ணம் திரை முழுவதும் இல்லாமல் ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டுமே தெரிவதற்குக் காரணம் இதுதான்: கட்டத்தைப் பெரிதாக்கினால் படம் தத்தித் தத்தி நகரும்.

வரம்பை உடைத்த யோசனை கேட்பதற்கு எளிது. இருட்டறையில் டார்ச் விளக்கைச் சுழற்றி ஒவ்வொரு மூலையாகப் பார்க்கலாம். மின்னல் வெட்டினால் அறை முழுவதையும் ஒரே கணத்தில் பார்த்துவிடலாம். எல்லாப் படிகங்களையும் ஒன்றாகத் தட்டி, குவியாத தட்டையான அலையை உடலுக்குள் அனுப்புங்கள். எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒரே சமயத்தில் எதிரொலிகள் குழம்பி வரும். அந்தக் குழப்பம் அத்தனையையும் கணினியின் நினைவகத்தில் கொட்டிவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய தாமதத்தைப் பிறகு மென்பொருளில் கணக்கிடுங்கள். ஒரே அலையில் ஒரு முழுப் படம் கிடைத்துவிடும். வினாடிக்கு 40 படங்கள் இருந்த இடத்தில் 5,000. ஆழம் குறைந்த உறுப்பென்றால் இன்னும் கூடுதல்.

யோசனை பழையது, கணினிதான் புதிது. 128 படிகங்களின் குறிகைகளை வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை அளந்து பதிவு செய்தால், வினாடிக்குப் பல ஜிகாபைட் தரவு கொட்டும். அதை அந்தந்த நேரத்திலேயே விழுங்கும் திறன், கணினி விளையாட்டுகளுக்காக வளர்ந்த கிராபிக்ஸ் சிப்புகள் வந்த பிறகே மலிவாகக் கிடைத்தது. பாரிஸில் மத்தியாஸ் ஃபிங்க், மிக்கேல் தான்தேர் ஆகியோரின் ஆய்வுக்குழு இதை மருத்துவக் கருவியாக்குவதில் முன்னின்றது. குவியாத அலையில் படம் சற்று மங்கலாக இருக்கும் என்பது உண்மை. அதற்கும் வழி கண்டார்கள்: பல கோணங்களில் தட்டை அலைகளை அனுப்பி, கிடைத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் கூர்மை மீண்டும் வந்துவிடுகிறது. பத்துக் கோணங்கள் என்றாலும் வினாடிக்கு 500 படங்கள் மிஞ்சுகின்றன.

அத்தனை படங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார் பார்ப்பது? யாரும் பார்க்க வேண்டியதில்லை. கணினி அளக்கட்டும்.

முதலில் பயன் தந்தது திசுவின் விறைப்பை அளக்கும் முறை. மார்பகத்தில் கட்டியா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதும், வயிற்றைத் தொட்டுக் கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று அறிவதும் மருத்துவத்தின் மிகப் பழைய சோதனைகள். வழக்கமான அல்ட்ராசவுண்ட் படம் விறைப்பைக் காட்டாது. இறுகிய கல்லீரலும் மிருதுவான கல்லீரலும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் தெரியலாம். ஆனால் திசுவை ஒரு தட்டுத் தட்டினால் அதன் வழியாக ஒரு பக்கவாட்டு அதிர்வு பரவுகிறது. சறுக்கு அலை என்று அதைச் சொல்லலாம். மிருதுவான திசுவில் அது மெதுவாகவும் இறுகியதில் வேகமாகவும் போகும். வேகத்தின் இருபடியை வைத்து விறைப்பைக் கணக்கிடலாம்.

இந்தச் சறுக்கு அலையின் வேகம் வினாடிக்கு 1 முதல் 10 மீட்டர். ஒலியோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். பழைய கருவிக்கோ அதுவே எட்டாத வேகம். வினாடிக்கு 2 மீட்டர் செல்லும் அலை, 4 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்தை 20 மில்லிவினாடியில் கடந்துவிடும். பழைய கருவி 25 மில்லிவினாடிக்கு ஒரு படம் எடுப்பது. ஒரு படம் முடிவதற்குள் அலை போய்விட்டிருக்கும். வினாடிக்கு 5,000 படம் எடுக்கும் கருவிக்கு அதே நேரத்தில் 100 படங்கள் கிடைக்கின்றன. அலை எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதை ஒவ்வொரு புள்ளியிலும் கண்டு, விறைப்பை வண்ண வரைபடமாகத் திரையில் போட்டுவிடலாம். தட்டும் வேலையையும் ஒலியே செய்கிறது: சற்று நீளமான ஒலித்துடிப்பை ஓரிடத்தில் குவித்தால் திசு ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்கு நகர்ந்து அலையைக் கிளப்புகிறது.

இதற்கு எளிய உறவுமுறைக் கருவி ஒன்றும் உண்டு. 2003-இல் பிரான்சில் வந்த ஃபைப்ரோஸ்கேன், விலா எலும்புகளுக்கு இடையே தோலை மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஒரே கோட்டில் கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளக்கிறது. படம் கிடையாது, ஓர் எண் மட்டுமே. ஹெபடைடிஸ் பி, சி நோயாளிகளுக்கும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கும் கல்லீரலில் இழைநார் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய, ஊசியால் குத்திச் சதையெடுக்கும் சோதனையைப் பலருக்குத் தவிர்க்க இந்த எண் உதவியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, அழகான படம் எதையும் தராமல் இவ்வளவு நோயாளிகளுக்குப் பயன்பட்ட அல்ட்ராசவுண்ட் நுட்பம் வேறில்லை.

வேகமான படங்களின் இரண்டாவது அறுவடை இன்னும் வியப்பானது. அலைநீளத்தில் பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்ட முடியாது என்பது அலைகளின் பொது விதி. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். அதிர்வெண்ணைக் கூட்டினால் அலைநீளம் குறையும். ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகுமுன்பே திசு அதை விழுங்கிவிடும். மேலோட்டமான தைராய்டுக்கு 12 மெகாஹெர்ட்ஸ், ஆழமான கல்லீரலுக்கு 3 மெகாஹெர்ட்ஸ் என்று புரோப்பை மாற்றி மாற்றி வைப்பது இந்தப் பேரத்தால்தான். நுண்ணிய இரத்தக் குழாய்கள் இந்த விதியின்படி என்றைக்கும் தெரியாதவை.

அங்கே குமிழிகள் நுழைந்தன. மெல்லிய கொழுப்புப் படலத்துக்குள் வாயுவை அடைத்த, சில மைக்ரோமீட்டரே அகலமான நுண்குமிழிகளை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால், அவை சிவப்பணுக்களைப் போல எல்லாக் குழாய்களிலும் ஓடும். வாயு என்பதால் ஒலியை மிகப் பலமாகத் திருப்பி அனுப்பும். சிறிது நேரத்தில் அந்த வாயு மூச்சுக்காற்றோடு நுரையீரல் வழியே வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலை இல்லை. சி.டி. ஸ்கேனில் பயன்படும் அயோடின் மருந்தைத் தாங்காத சிறுநீரக நோயாளிகளுக்கு இது பெரிய வசதி. கல்லீரல் கட்டிகளைத் தரம் பிரிப்பதில் இந்தக் குமிழிகள் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கின்றன.

ஆய்வாளர்கள் செய்த அடுத்த காரியம் இது. குமிழிகள் அடர்த்தியாக இல்லாமல் தனித்தனியாகத் தெரியும்போது, ஒவ்வொன்றும் படத்தில் ஒரு மங்கலான பொட்டாக விழும். பொட்டு மங்கல்தான், அதன் நடுப்புள்ளி எங்கே என்பதை மிகத் துல்லியமாகக் கணக்கிடலாம். வினாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களில் இலட்சக்கணக்கான நடுப்புள்ளிகளைக் குறித்துக்கொண்டே போனால், குமிழிகள் ஓடிய தடமே இரத்தக் குழாய்களின் வரைபடமாகிவிடும். 2015-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, எலியின் மூளையில் 10 மில்லிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 10 மைக்ரோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள குழாய்களைக் காட்டியது. விதி மீறப்படவில்லை. காலத்தைச் செலவிட்டு இடத்தில் நுணுக்கம் வாங்கப்பட்டது.

மூளை என்றதும் மண்டையோடு குறுக்கே வந்துவிடும். 1940-களில் ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் கார்ல் டுசிக், தலையின் ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் பிடித்து மூளையின் அறைகளைப் படமெடுத்ததாக அறிவித்தார். பின்னர் சோதித்தபோது அவர் கண்ட உருவங்கள் மண்டையோட்டால் விளைந்தவை என்று தெரிந்தது. எலும்பு ஒலியை உறிஞ்சுகிறது, அதன் பாதையை வளைக்கிறது, ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துகிறது. தாமதம் என்றால் அது கணக்கிடக்கூடிய ஒன்றாயிற்றே? குமிழிகளின் எதிரொலியிலிருந்தே எலும்பு செய்த குளறுபடியை அறிந்து திருத்தி, வளர்ந்த மனிதர்களின் மூளைக் குழாய்களை மண்டையோட்டைத் திறக்காமலேயே நுணுக்கமாகக் காட்டிய ஆய்வு 2021-இல் வந்தது. நோயாளிகளில் ஒருவருடைய மூளைத் தமனி வீக்கத்துக்குள் இரத்தம் சுழல்வதையும் அதில் பார்க்க முடிந்தது. இதே தாமதக் கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தி, தலையைச் சுற்றிய 1,024 படிகங்களிலிருந்து ஒலியை ஒரு புள்ளியில் குவித்துச் சுட்டு, கை நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு 2016-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

கையடக்கக் கருவிகளைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். படிகத்துக்குப் பதிலாக, சிலிக்கான் சிப்பின் மேல் ஆயிரக்கணக்கான நுண்சவ்வுகளைச் செதுக்கி மின்னழுத்தத்தால் அதிரச் செய்யலாம். 2017-இல் அமெரிக்க அனுமதி பெற்ற பட்டர்ஃபிளை ஐக்யூ இந்த வகை; செல்போனில் செருகினால் போதும், மேலோட்டமான உறுப்புக்கும் ஆழமான உறுப்புக்கும் அதே ஒரு புரோப். பெரிய கருவியின் கூர்மை இதில் வராது. ஆனால் விபத்தில் அடிபட்டவரின் வயிற்றில் இரத்தம் கசிகிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா போன்ற ஆம்-இல்லை கேள்விகளுக்கு அந்தக் கூர்மை தேவையும் இல்லை.

கருவி மலிவானதும் வேறொரு பற்றாக்குறை வெளியே தெரிந்தது: புரோப்பைப் பிடிக்கத் தெரிந்த கை. சி.டி. ஸ்கேனில் நோயாளி படுத்தால் கருவி தானே சுற்றிப் படமெடுத்துவிடும். அல்ட்ராசவுண்டில் சில பாகைகள் சாய்ந்தாலும் இதயத்தின் அறை குறுகித் தெரியும். செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுவென்று நினைக்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பதைவிட, "சற்று இடப்பக்கம் திருப்புங்கள், போதும், அப்படியே பிடியுங்கள்" என்று வழிகாட்டுவது. இப்படியொரு மென்பொருளுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி தரப்பட்டது. முன்பின் அல்ட்ராசவுண்ட் பழக்கமில்லாத 8 செவிலியர்கள் அதன் துணையோடு ஆளுக்கு 30 நோயாளிகளை ஸ்கேன் செய்தபோது, இடது இதய அறையின் அளவையும் இயக்கத்தையும் மதிப்பிடத் தகுந்த படங்கள் ஏறத்தாழ எல்லாரிடமும் கிடைத்தன.

படத்தையே மெருகேற்றும் மென்பொருள்களிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அல்ட்ராசவுண்டில் பிழைகளும் சேதி சொல்லும். பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் விழும் கருநிழல் பிழைதான். அதை வைத்துத்தான் கல் என்று உறுதிசெய்கிறார்கள். நீர்க்கட்டிக்குப் பின்னால் திசு வெளிச்சமாகத் தெரிவதும் பிழைதான். அதனால்தான் உள்ளே இருப்பது நீர் என்று புரிகிறது. நுரையீரல் ஸ்கேனில் ஈரம் கோத்திருப்பதைக் காட்டும் செங்குத்து ஒளிக்கோடுகள் முழுக்க முழுக்கப் பிழைகளே. பல கோணப் படங்களைக் கூட்டி அழகாக்கும் பழைய முறையிலேயே சிறு கற்களின் நிழல் மறைந்துபோவது மருத்துவர்களுக்குப் பழகிய தலைவலி; தேவைப்படும்போது அந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கற்றுக்கொண்ட படங்களைக் கொண்டு இல்லாததை நிரப்பும் மென்பொருளில், எதை அணைத்தால் எது திரும்ப வரும் என்பது அவ்வளவு தெளிவாக இருக்காது.

உடலில் ஒட்டிக்கொள்ளும் அல்ட்ராசவுண்டும் வந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அஞ்சல் தலை அளவுள்ள ஒட்டி ஒன்றைக் காட்டினார்கள். உலர்ந்துபோகும் ஜெல்லுக்குப் பதில், தோலோடு பற்றிக்கொள்ளும் நீர்க்கூழ்; 48 மணி நேரம் ஒட்டியே இருந்தது. உடற்பயிற்சியின்போது இதயம் விரிவதையும் பழச்சாறு குடித்ததும் வயிறு நிறைவதையும் பதிவு செய்தது. ஒட்டிதான் சிறியது, அதிலிருந்து போன கம்பிகள் பெரிய கருவியில் போய்ச் சேர்ந்தன.

இத்தனை கணக்குகளுக்கும் அடியில், ஒலி எங்கும் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்ற அனுமானம் இருக்கிறது. அது முழு உண்மை கிடையாது. கொழுப்பில் வேகம் ஏறத்தாழ 1,450 மீட்டர். தசையில் 1,540-ஐவிடக் கூடுதல். உடல் பருமனானவர்களின் படம் கலங்கலாக வருவதற்கு, ஒலி வழியில் வலுவிழப்பதோடு இந்தக் கணக்குப் பிசகும் காரணம். இப்போது அந்தப் பிசகையே அளவுகோலாக்குகிறார்கள்: கல்லீரலில் ஒலியின் வேகம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்து, அதிலுள்ள கொழுப்பை மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதையும் விறைப்பையும் தன் வழியில் கணக்கிடுவதால், ஒரு கருவி தரும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. கல்லீரல் நோய்க்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பவர், முடிந்தவரை அதே வகைக் கருவியில் எடுப்பதும், பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது.